திறப்பு விழா

(கல்முனைக்குடி. சீதனமாக வந்த வீட்டு முற்றம். கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவில், மரக்கட்டைகளின் மேல் பளபளக்கும் நீலப் படகு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் கத்தாரிலிருந்து வந்த மருமகன். கீழே, பிளேன்டீக் கோப்பையோடு மாமனார். கடற்கரை இஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியே கை கறுத்தவர்.)

மருமகன்: நல்ல நேரத்துல வந்தீங்க மாமா. திறப்பத் திருப்பப் போறன், பாருங்க.

(டிக்.)

மாமனார்: அவ்வளவுதானா?

மருமகன்: இன்னொரு தரம் பாப்பம்.

(டிக்.)

மாமனார்: தஸ்பீஹ் மணி உருட்டுற மாதிரி இரிக்கி. வாழைக்குலைக்குப் பக்கத்துல இத எதுக்கு மருமகன் நட்டு வெச்சிரிக்கீங்க?

மருமகன்: பெந்தோட்டையில வாங்கின ஸ்கீ போட் மாமா. எட்டு சிலிண்டர் பெற்றோல் இஞ்சின். அந்த ஆத்துல வெளிநாட்டு ஆக்கள இழுத்துக்கிட்டு ஓடினது. கால்ல பலகையக் கட்டிக் கயித்தப் பிடிச்சா, தண்ணிக்கு மேல நிண்டுக்கிட்டே போகலாம்.

மாமனார்: நம்மட ஆக்கள் கயித்த இழுக்கிறது வலைக்குள்ள மீன் இரிக்கி எண்டு. அந்தக் கயித்துல என்ன இரிக்கி?

மருமகன்: அது விளையாட்டு மாமா. 1922ல அமெரிக்காவில ரால்ஃப் சாமுவேல்சன் எண்ட பதினெட்டு வயசுப் பொடியன் தொடங்கினது. பெபின் ஏரியில முதல்ல பீப்பாப் பலகையக் கட்டிப் பாத்தான், சரிவரல்ல. மறுகா பனியில சறுக்கிற பலகை, அதுவும் தாண்டு போச்சு. கடைசியில பைன் பலகை வாங்கி, நுனியக் கொதிதண்ணியில அவிச்சு வளைச்சு, அதுலதான் நிண்டான்.

மாமனார்: ரெண்டு தரம் பிழைச்சும் அவன் பலகையத்தான் மாத்தியிரிக்கான். பெயின்ட் அடிச்சதா நீங்க சொல்லல்லயே?

மருமகன்: நக்கலடிக்காதீங்க மாமா. ரெண்டு மாசம் ராப்பகலா வேலை. உடம்புக்கு மூணு கோட்டிங். ஆசனத்துக்குப் புது ரெக்சின். இஞ்சின மூடியோட கழட்டி, கழுவி, அதுக்கும் ஒரே நீலம். எண்ணெய் கசிஞ்ச அடையாளம் கூட இல்ல.

மாமனார்: மாஷா அல்லாஹ். மாப்பிள்ளைக்குக் குறையில்ல. மூச்சுத்தான் வருதில்ல.

மருமகன்: பெட்டரி பழசு எண்டு நினைச்சுப் புதுசு போட்டன். டிக். ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுற சொலனாய்ட் பிழையெண்டு அதையும் மாத்தினன். டிக். ஸ்டார்ட்டர் மோட்டார் புதுசு. அதுக்கும் டிக். இனி மிச்சம் இஞ்சின்தான். அதையும் மாத்திடுவமா?

மாமனார்: சல்லி உங்கட, டிக்கும் உங்கட. ஒண்டு சொல்றன் கேளுங்க. திறப்பத் திருப்பினதும் டிக் எண்டு கேக்குதெல்லா? அப்ப திறப்பும் சரி, கியர்க் கம்பு நியூட்ரல்ல இரிக்கி எண்டு பாக்கிற சுவிட்சும் சரி, சின்ன ஒயரெல்லாம் சரி எண்டு இஞ்சின் சொல்லுது. அது ரெண்டு மாசமாப் பேசிக்கிட்டு இரிக்கி. நீங்க ஒவ்வொரு தரமும் எழும்பிக் கடைக்குப் போயிரிக்கீங்க.

மருமகன்: அதுக்கெல்லாம் நேரமில்ல மாமா. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பிறகு திறப்பு விழா. எம்.பி. வாறார். கார்டும் அடிச்சாச்சு.

மாமனார்: திறப்பு இரிக்கி, விழாவும் இரிக்கி. எங்க இறக்கப் போறீங்க? நம்மட போட்டுகளுக்கு இஞ்சின் பின்னால தொங்குது. கரைக்கு வந்தா இஞ்சினத் தூக்கிட்டு மணல்ல இழுத்து ஏத்தலாம். உங்கட ராசாவுக்கு விசிறியும் சுக்கானும் அடிவயித்துல. கல்முனைக் கரையில இழுத்தா ரெண்டும் மண்ணுக்குள்ள பயிராகிடும்.

மருமகன்: ஒலுவில் துறைமுகத்துல இறக்குவம்.

மாமனார்: ஓ! 2013 செப்டம்பர் ஒண்டாந் திகதி அதுக்கும் ஒரு திறப்பு விழா. ஜனாதிபதியே வந்து திறந்தார். துறைமுக அமைச்சரா இரிந்த மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவு. கனவுல மண் இல்ல. டென்மார்க் கடன்ல கல்ல அடுக்கினாங்க. மறுகா வாசல்ல மண் ஏறி, உள்ள இரிந்த போட் வெளிய வர ஏலாம நிண்டிச்சி. வடக்குப் பக்கம் கரையக் கடல் திண்டு, தென்னை விழுந்திச்சி. பெயர்க்கல் மட்டும் இன்னும் பளிங்குதான்.

மருமகன்: நீங்க எல்லாத்தையும் அப்படித்தான் பாப்பீங்க.

மாமனார்: பாத்த கண்ணு மருமகன். சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் போட்டிபோட்டுப் போட் குடுத்தாங்க. அதுல சிலது வெயில் பட்டதும் வெடிச்சி, சிலது மூலையில ஒட்டு விட்டிச்சி. பக்கத்துல எழுதின பேர் மட்டும் போகவேயில்ல. அதுக்கு மட்டும் நல்ல பெயின்ட் வாங்கியிரிக்காங்க. அத விடுங்க. இது குடிக்கிற எண்ணெய்க்கு என்ன வழி? 2022 ஆகஸ்ட்ல நம்மட போட்டுகள் குடிக்கிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இரிந்து ஒரே ராத்திரியில 340க்கு ஏறினப்பவே நம்மட ஆக்கள் போட்ட ஏத்திப்போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இரிந்தாங்க. இது பெற்றோல், அதுலயும் எட்டு வாய்.

மருமகன்: முதல்ல ஸ்டார்ட் ஆகட்டும் மாமா. கிட்டங்கித் தாம்போதியில வெள்ளம் பாயக்குள்ளயாவது ஓட்டுவம்.

(மாமனார் கோப்பையை வைத்துவிட்டு ஏறுகிறார். போகிற வழியில் ஸ்க்ரூ டிரைவர்ப் பிடியால் படகின் தரையைத் தட்டிப் பார்க்கிறார். டங், டங், டொப்.)

மாமனார்: இந்த 'டொப்' சத்தத்தத் தெரியுமா? பைபருக்குள்ள இரிக்கிற மரச்சட்டம் ஊறிப்போய் உக்கிட்டு. அதுக்கு மேலயும் மூணு கோட்டிங் அடிச்சிட்டீங்க. சரி, அது இன்னொரு நாளைக்கு. இஞ்சின் மூடியத் திறங்க, பிளோவரப் போட்டு நாலு நிமிசம் விடுங்க.

மருமகன்: நாலு நிமிசமா?

மாமனார்: பெற்றோல் ஆவி காத்த விடப் பாரம். படகுட அடியில போய்ப் படுத்துக் கிடக்கும். ஒரு பொறி போதும், எம்.பி.ய விட நீங்க உயரத்துல நிப்பீங்க. இந்த ஸ்டார்ட்டர் எங்க வாங்கின?

மருமகன்: கார் சாமான் கடையில. அச்சு அசல் ஒரே மாதிரி மாமா, பாதி விலை.

மாமனார்: வெளியால ஒரே மாதிரிதான். போட்டுக்குச் செய்றது பொறி வெளிய வராம மூடினது. கார்ட ஸ்டார்ட்டருக்கு அந்தக் கவலை இல்ல. ஆவி றோட்டுல கலைஞ்சி போயிடும். பழசு எங்க?

மருமகன்: பழைய இரும்புக்காரன் வருவான் எண்டு கோழிக்கூட்டுப் பக்கம் வெச்சிரிக்கன்.

மாமனார்: எடுத்து வைங்க, தேவைப்படும். இப்ப மீட்டரப் பாருங்க. பெட்டரி 12.6 வோல்ட், தளதளவெண்டு இரிக்கி. இனி ஒரு முனை பெட்டரிட நெகட்டிவ்ல, மத்த முனை ஸ்டார்ட்டர்ட உடம்புல. திருப்புங்க.

(டிக்.)

மாமனார்: அரை வோல்ட் கூடக் காட்டப்படாத இடம். ஒம்பது காட்டுது! இங்கினியாகலைக் குளம் வான் பாயுற அளவுக்கு நிறைஞ்சி கிடந்தாலும், மடையில ஒருவன் சாக்கப் போட்டு அடைச்சா, கடைசி வயலுக்கு என்ன வரும்? ஈரம் வரும். அந்த ஈரம் சொலனாய்ட் டிக் எண்டு சொல்லக் காணும். மோட்டார் சுத்த 150, 200 அம்பியர் பாயணும்.

மருமகன்: யாரு சாக்கப் போட்ட?

(மாமனார் நெகட்டிவ் ஒயர் இஞ்சினில் பூட்டியிருக்கும் நட்டைக் கழற்றுகிறார். ஒயரின் வளையத்துக்கு அடியில், இரும்பு தெரியாமல், கண்ணாடி மாதிரி நீலம்.)

மாமனார்: பாருங்க. கைவேலை அருமை. ஒரு புள்ளி விடாம அடிச்சிரிக்கீங்க.

மருமகன்: ...

மாமனார்: கரண்டுக்கு உங்கட நீலம் பிடிக்கல்ல போல. சாண்ட் பேப்பரத் தாங்க.

(அரைமணி நேரம். ஒரு ரூபாய்க் குற்றியளவு இரும்பு வெள்ளையாகத் தெரிகிறது. கோழிக்கூட்டிலிருந்து பழைய ஸ்டார்ட்டர் திரும்பி வந்து, அதன் துருப்பிடித்த பல்லுக்கு எண்ணெய் பட்டு, பழைய இடத்தில் உட்காருகிறது. கிணற்றுக் குழாயை இஞ்சினின் தண்ணீர் வாயில் கொழுவுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இதழ் கருகிவிடும்.)

மாமனார்: இப்ப பிஸ்மி சொல்லித் திருப்புங்க. பத்து செக்கனுக்கு மேல பிடிக்காதீங்க.

(உறுமல். வாழையிலை நடுங்குகிறது. கோழிகள் அடுத்த வளவுக்கு ஹிஜ்ரத் செய்கின்றன. அடுப்படியிலிருந்து "யா அல்லாஹ்!" என்று ஒரு குரல்.)

மருமகன்: மாமா! மாமா! ஓடுது!

மாமனார்: அல்ஹம்துலில்லாஹ். நிப்பாட்டுங்க. நட்ட இறுக்கிட்டன். மேலால கொஞ்சம் கிரீஸ் பூசுங்க, உப்புக்காத்து தின்னாம இரிக்கும். புது ஸ்டார்ட்டரக் கொண்டுபோய்க் கடையில குடுத்துப் பாருங்க, எடுத்தாலும் எடுப்பாங்க.

மருமகன்: சரி மாமா. ஒண்டு கேக்கட்டா?

மாமனார்: கேளுங்க.

மருமகன்: அந்தச் சுரண்டின இடம்... வெள்ளிக்கிழம எம்.பி. மூடியத் திறந்து பாத்தா வடிவா இரிக்காது. பேணியில கொஞ்சம் நீலம் மிச்சம் இரிக்கி...

(மாமனார் திறப்பை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறார்.)