பிக்கப் பிணியியல்: ஒரு பேஸ் கிட்டாரின் மூலபாட ஆய்வு

ஓலைச்சுவடியைச் செல் அரிக்கிறது. பேஸ் கிட்டாரின் பிக்கப்பைப் பச்சைக் களிம்பு அரிக்கிறது. முதலாவதைப் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை. இரண்டாவதைப் பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரைகூடக் கண்ணில் பட்டதில்லை. அக்குறையைக் களையவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. இதற்கு நிதி நல்கை ஏதும் பெறப்படவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

ஆய்வுப் பொருள், என் அத்தான் வைத்திருக்கும் நான்கு தந்தி பிரிசிஷன் வகை பேஸ். கல்யாண வரவேற்புகளில் லைட் மியூசிக் வாசித்தே வயதான வாத்தியம். கழுத்தின் பின்புறம் வார்னிஷ் போய் மரம் தெரிகிறது. அதைத் தேய்மானம் என்று சொல்லிவிடக் கூடாது, பதம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அத்தான் இரண்டு நாள் பேச மாட்டார். நோயின் குறி வருமாறு: ஒரு வரவேற்பில், மணமக்களோடு படம் எடுக்கக் கூட்டம் வரிசையில் நிற்கும்போது, பேஸின் அடிவயிற்றுச் சத்தம் திடீரென்று மறைந்தது. நான்கு தந்தியும் கேட்டன, ஆனால் காதோரம் கொசு பறப்பதுபோலக் கேட்டன.

இலக்கிய மீளாய்வு

பிக்கப் என்பது காந்தக் குச்சிகளும் அவற்றைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். கம்பி 42 கேஜ். தடிமன் சுமார் 0.06 மி.மீ., அதாவது தலைமுடி அளவு. அதைப் பல்லாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே உலோகத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நைலான் தந்தி மாட்டினால் பிக்கப்புக்குக் காது கேட்காது.

1930-களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் உலகைப் பிடித்தது. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. இலக்கணம் எழுதியவர் கவிஞராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

1957-இல் அவர் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தார். மேல் தந்திகள் இ, ஏ இரண்டுக்கும் ஒரு பாதி. டி, ஜி இரண்டுக்கும் மறுபாதி. ஒன்றின் காந்தமும் சுற்றும் மற்றதற்கு நேர் எதிர்த்திசை. அதனால் சுவரிலிருந்தும் டியூப்லைட்டிலிருந்தும் வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்; தந்தியின் சத்தம் மட்டும் மிஞ்சும். இரைச்சல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் இ தந்தியில் மூன்றாம் கட்டையை (ஃப்ரெட்) அழுத்தினால் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். ஆக மின்வாரியம் இருபத்துநாலு மணி நேரமும் ஜி சுருதியில்தான் பாடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் ஏற்றமாக. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பி-க்கும் அதற்குக் கீழுள்ள சுரத்துக்கும் நடுவில் எதிலும் சேராமல் நிற்கிறது. சுருதி விஷயத்தில் நாம் பரவாயில்லை.

கருதுகோள்களும் அவற்றின் வீழ்ச்சியும்

கீபோர்டுக்காரர் கேபிள் என்றார். டிரம்மர் ஆம்ப் என்றார். பாடகர், "கண்ணு பட்டிருக்கு சார், சுத்திப் போடுங்க" என்றார். மூன்றையும் ஆய்வாளர் ஒரே மதிப்பில் குறித்துக்கொண்டார். அத்தான் கேபிள் கட்சியில் சேர்ந்தார். பிரியமான வாத்தியம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் கட்சிதான். குற்றவாளி மலிவான பொருளாக இருந்துவிட வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுதல். இதில் வியப்பு என்னவென்றால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே மலிவிலிருந்து தொடங்கி மேலே போவதே முறை. வேறு கேபிள் மாட்டினோம், வேறு ஆம்பில் செருகினோம். கொசு போகவில்லை. ஜாக்கின் நட்டு தளர்ந்து ஜாக்கே சுற்றினால் உள்ளே ஒயர் முறுக்கி அறும். இதில் நட்டு இறுக்கமாக இருந்தது. வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கவில்லை. கரகரத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி ஆய்வை அங்கேயே முடித்திருக்கலாம்.

அடுத்து மல்டிமீட்டர். ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரணக் கருவியே இவ்வளவுக்கும் போதும். கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். கேபிளை ஜாக்கில் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டரின் இரு முனைகளை வைத்தால், நலமாக உள்ள இந்த வகை பிக்கப் 10 அல்லது 11 கிலோ ஓம் காட்டும். சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடக் காட்டினால் பதற வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும் இயல்புடையது. நம் மீட்டர் காட்டியதோ ஏறத்தாழ 250. அது வால்யூம் குமிழின் அளவு. அதாவது குமிழ் மட்டும் பதில் சொல்கிறது, பிக்கப் வாயே திறக்கவில்லை.

அத்தான் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்ளே, பேட்டரி வீக்கா இருக்கப்போவுது, மீட்டருக்கு."

பேட்டரியும் மாற்றிப் பார்த்தோம். 250.

திறந்தபோது கண்டவை: இரு பாதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. தனித்தனியே அளந்ததில் இ-ஏ பாதி 5.4 கிலோ ஓம். டி-ஜி பாதி முடிவிலி. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போச்சு. அறுந்த இடத்தைத் தாண்டி மெல்லிய உச்சத் தொனி மட்டும் கசியும். கொசுவுக்கு விளக்கம் கிடைத்தது. (அறாமல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் குறி வேறு: டி, ஜி இரண்டும் ஒடுங்கிவிடும், மற்ற இரண்டும் திடமாகக் கேட்கும், இரைச்சலும் கூடும். பயில்வோர் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் காந்தக் குச்சியின் அடியில் பச்சை பூத்திருந்தது. பழைய முறைப்படி கம்பியை நேரே காந்தத்தின் மேல் சுற்றிய சுருள். வியர்வையும் ஈரமும் வருடக்கணக்காக இறங்கி உள்நுனியைத் தின்றிருக்கின்றன. வெளிநுனி அறுந்திருந்தால் ஒரு சுற்று அவிழ்த்து ஈயம் வைத்துப் பிழைக்கவைக்கலாம். உள்நுனி போனால் மொத்தமும் அவிழ்த்துச் சுற்ற வேண்டும்.

பாட வேறுபாட்டுப் பூசல்

இங்கேதான் அறிஞர்கள் இரு முகாமாகப் பிரிகிறார்கள். மூலபாடக் கட்சியார், காந்தமும் சட்டமும் பழையதாகவே இருக்க, கம்பியை மட்டும் புதிதாகச் சுற்ற வேண்டும் என்பர். பதிப்பாசிரியர் கட்சியார், வேறு பிக்கப் வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார் என்பர். அத்தான் மூலபாடத்தில் தீவிரம். ஆகவே தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனோம். கடைக்காரர் சுருளிலிருந்து ஒரு முழம் உருவி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். கம்பி இருந்த இடமே தெரியவில்லை.

"சார், நான் கட்டறது தண்ணி மோட்டாருக்கு. இதக் கட்டணும்னா மூச்ச அடக்கத் தெரியணும்."

நேர்மையான மனிதர். அவர் அடுத்த வேலைக்குத் திரும்பினார். நாங்கள் புதிய பிக்கப் வாங்கும் முடிவுக்குத் திரும்பினோம். அத்தானுக்கு அது இடைச்செருகலாகப் பட்டது. பிக்கப்பை மாற்றினால் அது அந்த பேஸ்தானா என்று கேட்டார்.

பதிலுக்கு இரு முன்னுதாரணங்களை ஆய்வாளர் எடுத்துவைத்தார். மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸின் தந்திகளைக்கூட அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பரவலாகப் பேசப்படுவது. மூலபாடத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அந்த பேஸ் திருட்டுப்போனது, திரும்பவில்லை. மறுபக்கம் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவருடைய 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் கட்டைகளையே பிடுங்கி எறிந்து வழவழப்பாக்கினார்கள். பின்னால் அது துண்டு துண்டாக உடைந்து, ஒட்டி எடுக்கப்பட்டு, 1986-இல் நியூயார்க்கில் களவுபோய், இருபது ஆண்டுக்குப் பின் தலைகாட்டியது. இத்தனைக்கும் பிறகு அதை ஜாக்கோவின் பேஸ் அல்ல என்று யாரும் சொல்வதில்லை. மரமே சில்லாகி ஒட்டப்பட்டும் மூலநூலாக ஏற்கப்படும்போது, செம்புக் கம்பி எம்மாத்திரம்?

அத்தான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஒரு பாதி மட்டும் மாத்திக்கலாமா?" என்றார்.

கூடாது. உயிரோடிருக்கும் பழைய பாதியும் கடையில் வாங்கும் புதிய பாதியும் எதிரெதிர்த் திசையில்தான் சுற்றப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே திசையாகிவிட்டால் இரைச்சல் அடங்காமல் இரண்டு மடங்காகும். மின்வாரியத்தின் ஜி, கச்சேரி முழுக்கக் கூடவே பாடும். ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

மாற்றும் வேலை சின்னது. சிக்னல் ஒயர் வால்யூம் குமிழின் காலுக்கு, எர்த் குமிழின் முதுகுக்கு. முதுகு பெரிய உலோகத் தகடு, சூட்டைக் குடித்துவிடும். அயர்ன் நன்றாகக் காயாமல் ஈயத்தை அப்பினால் டிரை சால்டர் ஆகி அடுத்த முகூர்த்தத்திலேயே கழன்றுவிடும். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை மறக்காமல் திரும்ப வைக்க வேண்டும். மூடுவதற்கு முன் ஆம்பைச் சன்னமாக வைத்து ஸ்க்ரூடிரைவரால் காந்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். டொக், டொக் என்று எல்லாம் பதில் சொன்னது. உயரத்தைத் திருகில் சரிசெய்தோம். தந்திக்கு மிக நெருங்கினால் காந்தமே தந்தியை இழுத்துச் சுருதியைக் கலைக்கும்.

அடுத்த கச்சேரியில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இதுவே இவ்வாய்வின் களச்சோதனை. கீபோர்டு, டிரம், பாடகர் மூவரும் எதையும் கவனிக்கவில்லை. மிக்சர் முன் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர் மட்டும் இடைவேளையில் வந்து கேட்டார்: "அண்ணே, ஸ்ட்ரிங் மாத்துனீங்களா? நல்லாருக்கு." அத்தான் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். கழற்றிய பிக்கப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அல்னிக்கோ காந்தம் இலேசில் சாகாது. செத்தது கம்பி மட்டும். 42 கேஜ் சுற்றத் தெரிந்த ஒருவர் என்றைக்காவது உங்கள் ஊருக்கு வரக்கூடும். எந்தப் பாதி உயிரோடிருக்கிறது, எத்தனை கிலோ ஓம், எந்தத் தேதியில் கழற்றியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை நம்மூர் ஈரத்தில் பரவிவிடும்.