மைனர் அண்ணாச்சியும் எட்டாத நட்டும்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் முகம் பார்த்துப் பேச முடியாது. காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்களிடம்தான் பேச வேண்டும். சங்கரன்கோவிலில் அந்தப் பாதங்களுக்கு உரியவரை மைனர் அண்ணாச்சி என்பார்கள். வாலிபத்தில் அவர் அப்படி ஒன்றும் மைனராகத் திரிந்தவர் இல்லை. அவர் வைத்திருக்கும் வண்டி மோரிஸ் மைனர், அவ்வளவுதான்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் பழம், வெற்றிலை பாக்கோடு தட்டைப் பாதங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “குடும்பத்தோட வந்துரணும் அண்ணாச்சி” என்பார்கள். அடியிலிருந்து பதில் வரும்: “கட்டாயம் வாரேன். போறப்ப அந்த அரை இஞ்ச் ஸ்பேனரை இங்ஙன தள்ளிவிட்டுட்டுப் போங்க.”

மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமை அதற்கு உண்டு. 1950-களின் முற்பகுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதற்கு ‘பேபி இந்துஸ்தான்’ என்று பெயரிட்டு இங்கே விற்றது. அண்ணாச்சியின் வண்டி அதே குடும்பத்தில் சற்றுப் பின்னால் பிறந்தது. முதலில் ஒரு டாக்டர் வீட்டில் இருந்ததாம். தென் மாவட்டங்களில் விலைக்கு வருகிற எந்தப் பழைய காரும் டாக்டர் வீட்டில் இருந்ததுதான். அத்தனை கார்களையும் கூட்டிப் பார்த்தால், அந்தக் காலத்து டாக்டர்கள் கார் வாங்கியது போக மிச்ச நேரத்தில்தான் நாடி பிடித்திருக்க வேண்டும்.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்களில் பலருக்குப் பெயின்ட்டில் ஆசை இருக்கும். சிலருக்குக் குரோமியப் பளபளப்பு. சிலருக்குப் பழைய ஹாரனின் சத்தம். அண்ணாச்சிக்கு இவை எதுவும் ஒரு பொருட்டே இல்லை. “டிங்கரிங் பண்ணுததும் பட்டி பாக்கததும் ஒரு வேலையாவே? கை நேரா போவுது, நேரா வருது” என்பார். கை போகக் கூடாது. போனாலும் திரும்பி வரக் கூடாது. கண்ணுக்குத் தெரியவே கூடாது. இந்த மூன்று தகுதியும் இருந்தால்தான் அவர் கணக்கில் அது வேலை. அவர் வீட்டு அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வாஷர் ஒன்று மாற்றினால் நின்றுவிடும். ஆனால் அது இடுப்பு உயரத்தில், வெளிச்சத்தில், இரண்டு கையும் தாராளமாக நுழையும் இடத்தில் இருக்கிறது. அதில் என்ன கௌரவம்?

மோரிஸ் மைனர் அவருக்கென்றே செய்த வண்டி. பிரேக்கின் உயிர்நிலையான மாஸ்டர் சிலிண்டர் இன்றைய கார்களில் பானெட்டைத் தூக்கியதும் கண்ணெதிரே நிற்கும். மைனரில் அது ஓட்டுகிறவரின் காலுக்குக் கீழே, சேஸிஸ் இரும்புக்குள் குடியிருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்றுவதற்கே கால்மிதியைச் சுருட்டி, தரையில் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். சிலிண்டரையே வெளியே எடுப்பதென்றால், இரும்பைக் குறுக்கே துளைத்துப் போகும் நீள போல்ட்டுகளை உருவ வேண்டும். நட்டு கழன்றுவிடும். போல்ட்டும் கொஞ்ச தூரம் சமர்த்தாக வரும். அப்புறம் ‘டக்’கென்று நிற்கும். குறுக்கே டார்ஷன் பார்.

டார்ஷன் பார் என்பது முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேலை பார்க்கிற நீளமான இரும்புத் தண்டு. வண்டியின் முன்பாரத்தை அதன் முறுக்குத்தான் தாங்குகிறது. முறுக்கோடு இருக்கையில் அதைச் சீண்டினால் கை போய்விடும். ஜாக்கி போட்டு, முட்டுக் கொடுத்து, முறுக்கைத் தளர்த்தி, தண்டை ஒதுக்கினால்தான் போல்ட் வெளியே வரும். ஆக, பிரேக்கில் ஒரு ரப்பர் மாற்றுவதற்கு முன்காலின் முறுக்கை அவிழ்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது அண்ணாச்சி முகத்தில் வருகிற பரவசத்தை ஆடித்தபசு அன்று கோமதி அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும்போதுகூடப் பார்க்க முடியாது.

வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. தீராத பக்தி. மைனரின் மாதிரி வண்டி தயாரான பிறகு, அகலம் போதவில்லை என்று அந்த மனிதர் அதை நெடுக்காக இரண்டாய் வெட்டி, நடுவில் 4 இஞ்ச் சேர்த்தார். பானெட்டின் நடுவில் ஓடும் பட்டை அந்தத் தையலின் அடையாளம். “நாலு இஞ்சையும் உள்ள உக்காருதவனுக்கே குடுத்துட்டாரு பாத்தீரா? மெக்கானிக்குக்கு அரை இஞ்ச் உண்டா? அதான் கெத்து” என்பார் அண்ணாச்சி. அதே இசிகோனிஸ் 1959-இல் மினி காரைக் கொண்டுவந்தார். என்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடிவயிற்றில் வைத்து, விரல் நுழையவும் இடமில்லாமல் அடைத்த வண்டி. மினியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அண்ணாச்சியின் குரல் தழுதழுக்கும். அதெல்லாம் புண்ணியம் செய்தவர்களுக்குக் கிடைப்பது.

அவருடைய ஆயுதங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கடையில் விற்கும் ஸ்பேனர் நேராக இருக்கும். அவர் போக வேண்டிய பாதையோ கோணல். ஆகையால் நல்ல ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, தேய்த்து, கம்பியோடு பற்றவைத்து, சூடேற்றி வளைத்துக்கொள்வார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு நட்டுக்கானது. விசைத்தறிப் பட்டறைக்கு வேலை செய்கிற லேத்துக்காரர் இவர் தலை தெரிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். இவர் கேட்பது எந்த அளவுக்கும் அடங்காது. “இப்படிப் போயி, இப்படித் திரும்பி, அங்ஙன போயி லேசா மூக்கைத் தூக்கணும்” என்று காற்றில் கை வளைத்துக் காட்டுவார். லேத்துக்காரர் அதையே வரைபடமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவிலும் சனியன் உண்டு. மைனருக்கு இஞ்ச் ஸ்பேனர். ஊர்க்கடைகளில் தொங்குவதெல்லாம் மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் பிடித்ததாகப் பாவனை செய்யும். பலம் கொடுத்தால் நட்டின் முனைகளை மழித்துவிடும். மழிந்த நட்டு என்றால் மற்ற மெக்கானிக்குகள் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. அண்ணாச்சி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, “இப்பத்தான் இது வேலை” என்று சம்மணம் போட்டு உட்காருவார்.

கண்ணுக்குத் தெரியாத நட்டைப் பார்க்க ஒரு காலத்தில் சவரக் கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் இடம் வலமாகும். அந்தக் குழப்பத்தில் கழற்ற வேண்டியதை இன்னும் இறுக்கி வைத்தது உண்டு. இப்போது கம்பி நுனியில் விளக்கோடு வருகிற கேமராவை உள்ளே விட்டு, செல்போனில் படம் பார்க்கிறார். மதினி மாத்திரையை விழுங்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, “யாருக்கு என்ன, குடலா?” என்று கேட்டாள்.

நட்டு மாட்டுவது கழற்றுவதைவிடப் பெரிய வித்தை. வாஷரில் கிரீஸைத் தடவி விரல் நுனியில் ஒட்டவைத்து, மூச்சை அடக்கி உள்ளே கொண்டுபோவார். அந்த நேரம் தெருவில் பூக்காரி கூவக் கூடாது. பேரன் தும்மக் கூடாது. போய்ச் சேருகிற கடைசி நொடியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். தரையில் விழுந்தால் இரண்டாவது ‘டிங்’ கேட்க வேண்டும். கேட்காது. வாஷர் சேஸிஸுக்குள் போய்விட்டது. டீக்கடையிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு வண்டியைக் குலுக்குவார்கள். பழைய வாஷர் இரண்டு விழும், யாரோ எப்போதோ தொலைத்த திருப்புளி விழும், தேடுவது மட்டும் விழாது.

இந்தத் தொழிலில் ஊறியதில் மனிதர்களை அவர் எடைபோடும் விதமே மாறிவிட்டது. முகம், படிப்பு, குணம் எதுவும் கண்ணில் படாது. மணிக்கட்டுதான் படும். தெருப் பையன்களின் கையை, பெண் பார்க்க வந்த மாமியார் போல, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒல்லியான மணிக்கட்டும் நீள விரலும் வாய்த்த பையனுக்குப் பரோட்டா நிச்சயம். இரண்டு வருஷம் போனால் அவனுக்கும் கை தடித்துவிடும். “பத்தாங்கிளாசுல முதல் மார்க் வாங்கிட்டேன் பெரியப்பா” என்று மிட்டாயோடு வந்து நின்ற பையனின் கையைப் பிடித்துப் பார்த்து, “கெட்டுப் போயிட்டியேலே” என்றார். அவன் அழாத குறை. தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, சம்பளத்தைப் பற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, இவர் கேட்டது ஒன்றுதான்: “மாப்பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை என்ன சைஸ்?”

யோசனை சொல்ல ஊரில் பஞ்சமில்லை. துருவுக்கு எலுமிச்சைச் சாறு கேட்கும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையும்கூட; அதன் புளிப்பு துருவைக் கரைக்கும். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். ஒரு சாக்குப் பழம் வந்து இறங்கியது. போல்ட்டெல்லாம் சாற்றில் ஊறின. அந்த வாரம் வீட்டில் ஊறுகாயும் எலுமிச்சைச் சாதமும் ஓய்வில்லாமல் நடந்தன. இன்னொருவர், கோயில் புற்றுமண் தீராத வியாதியைத் தீர்க்குமே, அந்த நட்டுக்கும் கொஞ்சம் பூசிப் பாருங்களேன் என்றார். “அது தோலுக்கு. இது இரும்பு” என்று அண்ணாச்சி மறுத்தாலும், அன்று ராத்திரி வண்டி பானெட்டில் கொஞ்சம் மண் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

இவருடைய கஷ்டம் பொறுக்காமல் ராஜபாளையத்து நண்பர் ஒருவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் பேசி முடித்துக்கொண்டு வந்தார். நம்ம மெட்ராஸ் கம்பெனி 1961 முதல் செய்த வண்டி. மிச்சலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த அழகு. மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயரில் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை முழுவதையும் பார்த்துவிடலாம். அண்ணாச்சி திறந்தார். சுற்றிவந்து பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்தும் எல்லாம் தெரிந்தது. மூடினார். “நல்ல வண்டிதான். பொம்பளப் புள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்கலாம்” என்றார். அவர் மூத்த மகள் விசைத்தறிக்கு மோட்டார் மாட்டுகிறவள். “ஏம்ப்பா, எனக்கு மட்டும் கஷ்டமான வண்டி வேண்டாமா?” என்று கேட்டாள். அண்ணாச்சி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, அசல் மேனியோடு இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஒரு நிபந்தனை: அன்றாடப் போக்குவரத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. நாட்டில் இந்த விதியை அது வருவதற்கு முன்பிருந்தே கடைப்பிடித்து வருகிறவர் அண்ணாச்சி.

கடைசியில் மாஸ்டர் சிலிண்டர் வெளியே வந்தது. ரப்பர் மாற்றி, திரும்ப மாட்டும்போது அவர் ஒரு காரியம் செய்தார். மைனர்க்காரர்கள் பலரும் கையாளும் தந்திரம் அது: போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து சொருகுவது. நட்டு டார்ஷன் பார் பக்கம் வந்துவிடும். அடுத்த தடவை டார்ஷன் பாரைத் தொடாமலே போல்ட்டை உருவிவிடலாம். வண்டி கிளம்பி, ராஜபாளையம் ரோட்டில் போய்த் திரும்பி வந்தது. பிரேக் பிடித்தது. தெருவே கைதட்டியது. அண்ணாச்சி முகத்தில் மட்டும் களையில்லை. இரண்டு நாள் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “தப்புப் பண்ணிட்டேன். இனிமே அதை எவனும் கழத்திருவான்.”

அண்ணாச்சிக்கு வேலையில்லாத அந்த வாரத்தில்தான் அவர் வீட்டு அடுப்படிக் குழாய் சொட்டுவது நின்றது. எப்படி நடந்தது என்று மதினியிடம் கேட்டேன். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பிளம்பரை வரச் சொன்னேன் தம்பி. ‘இது உள்ளுக்குள்ள எங்கயோ கசியுது, யாராலயும் கை விட முடியாது’ன்னு அவுக காதுல விழுத மாதிரி சொல்லச் சொல்லி, அம்பது ரூபா குடுத்து அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல வளைஞ்ச ஸ்பேனரோட வந்து படுத்துட்டாக.”

அதற்குப் பிறகு வீட்டில் எந்த வேலையும் நிற்பதில்லை. மச்சில் உள்ள பல்பு ஸ்டூல் போட்டாலும் எட்டாதாம். ரேஷன் கடையில் பருப்பு யார் கைக்கும் சிக்குவதில்லையாம். பேரனின் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரை யாராலும் பிடிக்கவே முடியாதாம். அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய் முடித்துக்கொண்டு வருகிறார்.

“எல்லாம் கைக்கு எட்டுத தூரத்துலதான் தம்பி இருக்கு” என்றாள் மதினி. “அதை மட்டும் அவுககிட்டச் சொல்லிராதீங்க.”