துரை கொடுத்த மேஜை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் பெரியப்பா ஆரம்பித்துவிடுவார். "அந்த மேஜை இருக்கே, அது துரை கொடுத்தது."

கூடத்தில் சுவரோரமாக நிற்கும் அந்த மேஜை ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். கடைசல் கால் நான்கு. இழுத்தால் பாதி வந்து பிடிவாதம் பிடிக்கும் டிராயர் இரண்டு. தாத்தா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் சொக்கிப்போன வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர், சீமைக்குக் கப்பலேறும் முன் ஆசையோடு கொடுத்துவிட்டுப் போன பர்மா தேக்கு மேஜை அது. இது பெரியப்பாவின் பாடம். கலெக்டரின் பெயர் மட்டும் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று மாறும்.

சென்ற வருஷம் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. நிலம், பாத்திரம், பாட்டியின் நகை எல்லாம் அரை நாளில் முடிந்துவிட்டன. மேஜையில் வந்து நின்றது. அதைக் கொண்டுபோய்ப் போட யார் வீட்டிலும் இடமில்லை. இன்னொருவர் கொண்டுபோவதைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. கடைசியில், மதிப்புப் போட்டு, எடுத்துக்கொள்கிறவர் மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது என்று முடிவானது. மதிப்புப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. "பேங்க்ல நகைக்கடன் பார்த்தவன், தங்கத்துக்கே மதிப்புப் போட்டவன், மரத்துக்குப் போடமாட்டானா?" என்றார் சித்தப்பா. தங்கத்தை உரசிப் பார்த்தவர் அப்ரைசர், நான் கையெழுத்துப் போட்டவன் என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருஷமாகக் குடும்பத்தில் எனக்கிருந்த ஒரே மரியாதை அது. வாயை மூடிக்கொண்டேன்.

படிக்க ஆரம்பித்தேன். முதல் பாடத்திலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. பழைய மேஜையைப் பார்க்கிறவன் மேலே பார்க்கக் கூடாதாம். கீழே படுக்க வேண்டுமாம். மேல்பலகை நூறு பாலிஷ் கண்டிருக்கும், நூறு பொய் சொல்லும். அடிப்பக்கத்தை யாரும் சீண்டுவதில்லை. கைரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் தாறுமாறாக இருக்கும். வட்ட ரம்பம் அறுத்திருந்தால் வில் போல வளைந்த கீறல்கள் தெரியும். கையால் இழைப்புளி தள்ளிய பலகையை உள்ளங்கையால் தடவினால் லேசான மேடு பள்ளம் தட்டுப்படும். கழுந்தைத் துளையில் இறக்கி மர ஆணி அடித்திருந்தால் ஆணியின் தலை முழு வட்டமாக இருக்காது. மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க, ஆணி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேஜைக்கு அடியில் டார்ச்சோடு நான் மல்லாந்து கிடந்த அந்த வாரத்தில், "மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு முறை ஓடிவந்தாள்.

வியாதி பரவியது. மெஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் எங்கே உட்கார்ந்தாலும் கை தானாக மேஜைக்கு அடியில் போகும். பெரும்பாலும் கைக்குக் கிடைத்தது யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்.

தம்பி பையனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அந்த வீட்டில் ஒரு வட்ட மேஜை. பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டு, சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். மர ரேகை ஓடும் திசையில் 48 அங்குலம். குறுக்கே 47½. "வட்டமே இல்லை, முட்டை!" என்று கத்திவிட்டேன். மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். அதனால் பழைய வட்ட மேஜை காலப்போக்கில் வட்டமாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. இதை நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. குனிந்து அடியில் தலையை விட்டுவிட்டேன். நிமிர்ந்தபோது பெண்ணின் அப்பா, ஜப்தி செய்ய வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சோதனை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவதுதான் அந்தக் காலத்து பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட் பட்டால் அது மறுபடி இளகும். ஓர் ஓரத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். இளகியது. அரக்குதான்! சந்தோஷத்தில் காபி குடிக்கப் போன நேரத்தில் என் மனைவி அதே ஓரத்தில் பாம்புப் பஞ்சாங்கத்தை வைத்துவிட்டாள். இன்றும் எங்கள் மேஜையில் ஒரு மூலையில் மட்டும் மாசி மாதத்து ராகுகாலம் கண்ணாடி பிம்பமாகப் படிக்கக் கிடைக்கும்.

மூன்றாம் நாள் இடி விழுந்தது. காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு ஸ்குரூ. அதன் தலையில் கூட்டல் குறி. கூட்டல் குறி ஸ்குரூ அமெரிக்காவில் 1930களில்தான் சந்தைக்கே வந்தது. நம் ஊருக்கு அது நடந்து வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! சீமைத்துரை கதை அங்கேயே முடிந்தது என்று நினைத்து, ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அது நான் போட்டது தம்பி. எண்பத்தொன்பதுல உங்க கல்யாணத்துக்கு இதுமேல ஏறி நின்னு தோரணம் கட்டுனாங்க. அன்னிக்கே ஆட ஆரம்பிச்சிட்டுது."

புத்தகம் படித்தவனுக்கும் உளி பிடித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஸ்குரூ சொன்னது மேஜையின் வயதை இல்லை, என் கல்யாணத்தின் வயதை. ஆசாரி அடிப்பலகையில் உளியால் நகக்கண் அளவு சீவி, மோந்து பார்த்து, எச்சில் தொட்டுத் தேய்த்தார். "தேக்குதான். நல்லா வைரம் பாய்ஞ்சது."

"பர்மாவா?"

"மரத்துகிட்ட பாஸ்போர்ட் கேட்டா அது எங்க போகும்? ரேகை நேரா ஓடுனா பர்மான்னு விக்கிறாங்க. முடிச்சு இருந்தா நாட்டுத் தேக்குன்னு விக்கிறாங்க." பிறகு நான்கு கால்களையும் விரலால் தட்டிக்கொண்டு வந்தவர், நான்காவதில் நின்றார். "இது பூவரசு. யாரோ மாத்தியிருக்காங்க. நான் இல்ல." கையோடு டேப் வைத்து அளந்து, மனக்கணக்குப் போட்டு, மொத்தம் இரண்டு கன அடிக்குக் கொஞ்சம் கூட வரும் என்றார். எங்கள் குடும்பப் பெருமை இரண்டு கன அடி. போகும்போது, "வேணும்னா மேல சன்மைக்கா ஒட்டிடலாமா? பளிச்சுனு இருக்கும்" என்று கேட்டார்.

கன அடிக்கு மேல் ஏதாவது தேறுமா என்று பார்க்கக் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் சாமான்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்: தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, யாருடைய தாத்தாவோ தெரியாத தாத்தாக்களின் படங்கள். ஒரு கடையில் எங்கள் மேஜைக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒன்று நின்றது. விலை 38,000. "பர்மா தேக்குண்ணே. பூச்சி அரிச்ச ஓட்டையப் பாருங்க, நூத்தம்பது வருஷம்!" என்றார் கடைக்காரர். தேக்கின் வைரத்தைப் பூச்சி சுலபத்தில் சீண்டாது. வெளிப்பக்கத்து வெள்ளையைத்தான் தின்னும். சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி ஓர் ஓட்டையில் விட்டேன். நேராக அடிவரை இறங்கியது. பூச்சி வளைந்து நெளிந்துதான் போகும். இப்படி நேர்வழியில் போவது டிரில் மட்டும்தான். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஊக்கைப் பார்த்தேன். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

டீக்குப் பிறகு எங்கள் மேஜையின் படத்தைக் காட்டி, என்ன தருவீர்கள் என்று கேட்டேன். "எட்டாயிரம். ஏத்துக்கூலி உங்களது." நான் வாங்கப் போனால் அது பழம்பொருள், விற்கப் போனால் பழைய சாமான். பேரம் பேச வாயெடுப்பதற்குள் அவர் படத்தை விரலால் பெரிதாக்கிவிட்டார். "அண்ணே, சட்டத்துக்கு உள்பக்கம் வெள்ளையா என்னமோ எழுதியிருக்கே, ஆபீஸ் நம்பர் மாதிரி."

ஒரு வாரம் அடியில் கிடந்தவன் நான். ஒட்டடைக்குப் பின்னால் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து துடைத்துப் பார்த்தால் வெள்ளைப் பெயின்டில் 17, ஒரு சாய்கோடு, 53.

1953. துரைமார்கள் ஊரைக் காலி செய்து ஆறு வருஷம் கழித்து.

பெரியப்பா அசரவில்லை. "ஏன், 1853ஆ இருக்கக் கூடாதா?" இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடிய வருஷம் அது என்றேன். "பாத்தியா, ரயில்லதான் வந்திருக்கும்" என்றார்.

இதற்குள் பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் வீடியோவில் வந்து குதித்தான். சண்டிகரில், அந்த நகரத்தை வடிவமைத்த லே கார்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே அரசு ஆபீஸ்களுக்காக வடிவமைத்த தேக்கு நாற்காலி, மேஜைகளை உடைசல் என்று ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். வாங்கிப்போனவர்கள் அவற்றைப் பழுதுபார்த்து வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். அவற்றில் இருந்த அதே ஆபீஸ் எண்கள்தான் அசலுக்கு அத்தாட்சி. "அண்ணா, அதைத் துடைக்காதீங்க! தொடாதீங்க!" என்று அலறினான். ஒன்றரை நாள் நாங்கள் கோடீஸ்வரர்களாக இருந்தோம். சித்தப்பா கூடத்துக் கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கினார். பிறகு நான் படங்களைத் தேடிப் பார்த்தேன். அங்கே பேர்போன கால்கள் கவட்டை போல விரிந்தவை. நம்முடையது முறுக்கு முறுக்காகக் கடைசல் கால், அதிலும் ஒன்று பூவரசு.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் என்று சொல்ல நூறு வயது ஆகியிருக்க வேண்டும். "எனக்கே இன்னும் பதினாறு வருஷம் பாக்கி இருக்கு" என்றார் பெரியப்பா, வருத்தமாக.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது எண்பத்தெட்டு வயது அத்தை. அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. பாகப்பிரிவினையில் பெண்களைக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கால் ஒடிஞ்சுபோச்சுன்னு கச்சேரில கண்டம் பண்ணி ஏலம் போட்டாங்க. அப்பா பதினோரு ரூபாய்க்கு எடுத்தாரு. கொல்லைல பூவரசு சாய்ஞ்சிருந்துச்சு, அதுல ஒரு கால் கடைஞ்சு போட்டாரு."

"அப்போ துரை?"

"துரைதான் மாட்டுவண்டில கொண்டாந்து குடுத்தான். கச்சேரி டவாலி. துரைசாமி. வண்டிக்கூலி தனியா எட்டணா வாங்கிக்கிட்டான்."

அப்போது பெரியப்பா திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாராம். லீவுக்கு வந்தவர், மேஜை ஏது என்று கேட்டிருக்கிறார். துரை கொடுத்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீதியை அவரே பார்த்துக்கொண்டார்.

நான் எட்டாயிரம் என்று மதிப்பு எழுதினேன். நான்கு பங்கு, ஆளுக்கு இரண்டாயிரம். அதன் பிறகு யாருக்கும் மேஜை வேண்டியிருக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

போன வாரம் பெண் வீட்டார், மாப்பிள்ளையின் பூர்வீக வீடு பார்க்க வந்தார்கள். ஆமாம், வட்ட மேஜைக்காரர்கள்தான். எப்படியோ சம்பந்தம் கூடிவந்துவிட்டது. வாசலில் பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியப்பா தொடங்கிவிட்டார்: "அந்த மேஜை இருக்கே, அது துரை கொடுத்தது." நான் தலையாட்டினேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே.

சம்பந்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெல்ல மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"காபி ஆறிடும், நிமிருங்க!" என்றார் பெரியப்பா.