முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே மூன்று சக்கரக் குழந்தை வண்டியைப் பற்றியவை. ஸ்ட்ரோலர், பிராம், பக்கி, புஷ்சேர், தள்ளுவண்டி என்று ஊருக்கு ஒரு பெயரில் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஒரு வாகனம். அதில் ஏறும் பயணிக்கு இறங்கு என்றும் நிறுத்து என்றும் சொல்லத் தெரியாது. அதனால் ஓட்டுபவருக்கு இரட்டைப் பொறுப்பு.

மூன்று சக்கரம் நல்லதா, நான்கு சக்கரம் நல்லதா? (ஹாரோ வாசகி, லண்டன்)

அதை உங்கள் பாதைதான் சொல்ல வேண்டும். பூங்கா, புல்தரை, சரளைக்கல், உடைந்த நடைபாதை என்றால் மூன்று. நெருக்கமான கடை, பஸ், ரயில் என்றால் சின்னதாக மடங்கும் நான்கு. முக்காலியை எந்தத் தரையில் போட்டாலும் மூன்று காலும் பதிவதுபோல, மூன்று சக்கர வண்டி மேடுபள்ளத்தில் ஆடாது. ஆடாதது சாயாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் வேகமாகத் திரும்பும்போதும், நடைபாதை விளிம்பில் கோணலாக இறங்கும்போதும் பக்கவாட்டில் சாயும். பின்சக்கரங்களுக்கு நடுவே நல்ல அகலம் இருக்கும் வண்டியே பாதுகாப்பு. அகலமானதை வாங்குமுன் வீட்டு வாசல், லிஃப்ட், கார் டிக்கி மூன்றையும் அளந்துவிடுங்கள்.

குழந்தைக்கு மூன்று சக்கரம் என்பது யார் யோசனை? (கும்பகோணம் வாசகர்)

குழந்தை தானே உருட்டியது என்றால் நாம் மிகவும் பழையவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், சோழநாட்டுப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டும் மூன்று கால் சிறுதேர் ஒன்று வருகிறது. காயப்போட்டதைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, அந்தத் தேரின் வழியை மறித்துவிடுகிறது. சின்னச் சக்கரத்துக்குச் சின்னத் தடையே போதும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

குழந்தையை உட்காரவைக்கும் வண்டி என்றால், 1733-ல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக ஒன்றை வடிவமைத்தார். அதை ஆடோ சின்னக் குதிரையோதான் இழுக்க வேண்டும். 1965-ல் ஓவன் மக்லாரன் குடைபோல மடங்கும் அலுமினிய வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். அவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர். இன்று நாம் பார்க்கும் பெரிய மூன்று சக்கர வண்டிக்கு மூலவர் ஃபில் பேக்லர் என்ற அமெரிக்கர். வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் இருந்தவர். ஓட்டத்தையும் விட மனமில்லை, மகனையும் விட்டுப்போக மனமில்லை. 1984-ல் வண்டிக்கு சைக்கிள் சக்கரங்களை மாட்டினார், இரண்டும் கூடிவந்தது.

எங்கள் தெருவில் நடைபாதை இல்லை, பள்ளம் மட்டும் உண்டு. எந்தச் சக்கரம் வாங்குவது? (வேளச்சேரி வாசகி, சென்னை)

காற்றடைத்த டயர், 12 அங்குலமோ அதற்கு மேலோ. பள்ளத்தின் அடியை அது தானே வாங்கிக்கொள்ளும், குழந்தையின் முதுகுக்கு அனுப்பாது. காற்றில்லாத ஃபோம் சக்கரம் பஞ்சராகாது. மால், மெட்ரோ, அடுக்குமாடி வளாகம் மட்டும்தான் என்றால் அதுவே போதும்.

கடையின் வழவழப்பான தரையில் தள்ளிப் பார்த்து வாங்காதீர்கள். அந்தத் தரையில் எல்லா வண்டியும் ஓடும். பத்து கிலோ அரிசிப் பையை சீட்டில் வைத்துப் பட்டையை மாட்டி, கடை வாசலுக்கு வெளியே தள்ளிப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கையால் தள்ள வருகிறதா, கைப்பிடி உங்கள் உயரத்துக்கு ஏற்ப நகர்கிறதா, மடித்தபின் தனியாக உங்களால் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் பணத்தை எடுக்கலாம்.

மகனுக்கு நான்கு மாதம். அவனை வைத்துக்கொண்டு ஓடலாமா? (ஸ்கார்பரோ வாசகர், டொராண்டோ)

இப்போதைக்கு நடங்கள். குறைந்தது ஆறு மாதம் நிறைய வேண்டும், தலை உறுதியாக நிற்க வேண்டும், அதன்பிறகும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான்கு மாதத்தில் அவன் கழுத்துக்கு ஓட்டத்தின் குலுக்கல் தாங்காது. கைக்குழந்தையோடு நடப்பதற்கும் சீட் முழுக்கப் படுக்கையாகச் சாய்கிற வண்டியே சரி.

இன்னொன்று: மூன்று சக்கரம் இருப்பதாலேயே அது ஓடுவதற்கான வண்டி ஆகிவிடாது. பல வண்டிகள் நடைக்கு மட்டுமே செய்யப்பட்டவை. கையேட்டில் ஓடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் ஓடுங்கள்.

முன்சக்கரத்தில் ஒரு பூட்டு இருக்கிறதே, திருட்டுக்குப் பயந்தா? (திருப்பூர் வாசகர்)

குப்புறக் கவிழ்வதற்குப் பயந்து! சுழலும் முன்சக்கரம் கடைக்குள் சுகம், நினைத்த பக்கம் திரும்பும். அதே சக்கரம் வேகத்தில் படபடவென்று ஆடும். கல்லில் பட்டால் குறுக்கே திரும்பி வண்டியைச் சட்டென்று நிறுத்திவிடும். கரடுமுரடான பாதையிலும் ஓட்டத்திலும் பூட்டுங்கள், கடைவீதியில் திறந்துவிடுங்கள்.

முன்சக்கரத்தைக் கழற்ற நெம்புகோல் உள்ள வண்டி என்றால், புறப்படும் ஒவ்வொரு முறையும் அது இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முன்சக்கரம் கழன்ற புகார்களுக்காக 2018-ல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு நிறுவனத்தின் மீது வழக்கே போட்டது.

தரை சமமாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எதற்கு பிரேக்? (தஞ்சாவூர் வாசகி)

சமம் என்பது நம் கண்ணின் கணக்கு. சக்கரத்தின் கணக்கு வேறு. 2009 அக்டோபரில் மெல்போர்ன் நகரின் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில், அம்மாவின் கை விலகிய சில நொடிகளில் வண்டி தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் மோதியது. உள்ளே இருந்த குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது பெரும் பாக்கியம். அந்தப் பாக்கியத்தை நம்பி யாரும் வண்டியை நிறுத்தக் கூடாது.

கை எடுக்குமுன் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். போட்டதும் முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ரயில் நிலையத்தில் வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்துங்கள், அதை நோக்கி வேண்டாம். மணிக்கட்டு வார் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டலாமா? (தி.நகர் வாசகி)

மாட்டினால், குழந்தையைத் தூக்கும் அந்தக் கணத்தில் முன்பாரம் போய் வண்டி மல்லாந்துவிடும். குழந்தை உள்ளே இருக்கும்போதே மல்லாந்தாலோ, தரையில் மோதுவது தலை. பை கீழ்க்கூடையில், பூசணிக்காய் உங்கள் கையில்.

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். அங்குள்ள கம்ப்ரசர் லாரி டயரையும் நிரப்பப் பழகியது. உங்கள் டயரின் சின்ன டியூப் கண்மூடித் திறப்பதற்குள் வெடிக்கும். கைப்பம்போ கால்பம்போ வைத்து நீங்களே அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பைக்கில் உள்ள அதே வால்வுதான். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம்.

பஞ்சரானால் பயம் வேண்டாம். 12 அங்குல டயரும் டியூபும் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் வருபவை, தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு அது தெரிந்த வேலை. ஒட்டி முடித்ததும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கருவேல முள் அங்கேயே இருந்தால் நாளைக்கும் அதே கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

சக்கரம் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (நாகர்கோவில் வாசகி)

தேங்காய் எண்ணெய் குழந்தையின் தலைக்கு. சக்கரத்தில் விட்டால் இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு மண்ணும் முடியும் அதில் ஒட்டி, முன்பைவிட மோசமாகக் கத்தும். சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் எடுங்கள். பாதி சத்தம் அங்கேயே போய்விடும். ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சமாக அடியுங்கள். பிரேக்கிலும் டயரிலும் மட்டும் படக் கூடாது.

வண்டி எப்போதும் இடப்பக்கமே இழுக்கிறது. (யாழ்ப்பாணம் வாசகர்)

முதலில் பின்சக்கரம் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். அடுத்து, முன்சக்கரத்தின் அச்சு கவட்டின் இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, டயர் விளிம்பில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா. மூன்றும் சரியென்றால், ஓட்ட வண்டிகளில் முன்சக்கரத்தருகே நேர்ப்படுத்தும் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சமதரையில் விட்டுவிட்டுப் பாருங்கள். காலி வண்டியோடு மட்டும் இந்தச் சோதனை!

வெயிலுக்கு வண்டிமேல் மெல்லிய துணி போர்த்துகிறேன். சரிதானே? (சிங்கப்பூர் வாசகி)

அன்பு சரி, துணி தவறு. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மெல்லிய துணியைப் போர்த்தியபோது வண்டிக்குள் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. அதே துணியை நனைத்துப் போர்த்தி, சின்ன பேட்டரி விசிறியும் வைத்தபோது ஏறக்குறைய ஐந்து டிகிரி இறங்கியது. துணி காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும், அடிக்கடி குழந்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் வெளியே போகாமலிருப்பது இதைவிட நல்லது.

குழந்தை என்னைப் பார்த்து உட்காருவதா, ஊரைப் பார்த்தா? (பர்மிங்காம் வாசகி)

முடிந்தால் முதல் வருடம் உங்களை. டண்டி பல்கலைக்கழகத்தின் சுசான் ஸீடிக் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரைப் பார்த்து உட்காரும் வண்டியில் அவர்கள் குழந்தையோடு இரண்டு மடங்கு பேசினார்கள். பெரும்பாலான மூன்று சக்கர வண்டிகள் ஊரைத்தான் பார்க்கும். சீட்டைத் திருப்பி மாட்டும் மாதிரிகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். திருப்ப முடியாத வண்டி என்றால், நீங்கள் அவ்வப்போது நின்று முன்னால் வந்து நாலு வார்த்தை பேசுங்கள்.

கடற்கரைக்கும் கொண்டுபோகிறோம், மழையிலும் நனைகிறது. எப்படிப் பராமரிப்பது? (புதுச்சேரி வாசகர்)

கடலில் இருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பும் மணலும் ஓர் இரவு தங்கினால் அச்சில் துரு குடியேறும். சக்கரத்தைக் கழற்றித் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் துணியில் பூஞ்சை பிடிக்கும். விரித்தபடியே நிழலில், காற்றோட்டத்தில் காய வேண்டும். சீட் துணியைக் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள், திரும்ப மாட்டும்போது பட்டைகளின் வழி மறந்துபோகும். அந்தப் பட்டைகளுக்கு பிளீச் கூடாது, நூல் வலுவிழக்கும். மிதமான சோப்பு நீரும் ஈரத்துணியும் போதும்.

பஸ்ஸில் சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறினால் நான் வண்டியை மடிக்க வேண்டுமா? (லூயிஷம் வாசகி, லண்டன்)

மடிக்க வேண்டும், மடிக்க முடியாவிட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்த இடம் அவருக்காக வந்தது. டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற முடியாமல் போனதற்காகத் தொடுத்த வழக்கில், 2017 ஜனவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டால் போதாது என்று சொன்னது. உங்கள் வண்டி மடங்கும், அவருடைய நாற்காலி மடங்காது. பஸ்ஸில் அடிக்கடி போகிறவர் பெரிய மூன்று சக்கர வண்டி வாங்குமுன் இதையும் யோசிக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கலாமா? (ஈரோடு வாசகி)

தாராளமாக, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. சட்டத்தில் விரிசல், வளைவு, புதிதாக ஒட்டிய தடயம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஐந்து முனைப் பட்டையில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம், தையல்காரர் தைத்துக் கொடுக்கும் பட்டையும் வேண்டாம். மடிப்புப் பூட்டு டக்கென்று விழ வேண்டும். மடியும் இடங்களில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது குழந்தைகளின் விரல் நுனி மடிப்பில் சிக்கித் துண்டானதால்தான். வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை பக்கத்தில் நிற்கவே கூடாது. மாதிரி எண்ணை இணையத்தில் தேடி, அது திரும்ப அழைக்கப்பட்டதா என்று பார்த்தபின் விலை பேசுங்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காது. சுருக்கமாகச் சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

பாதைக்கு ஏற்ற சக்கரம், உயரத்துக்கு ஏற்ற கைப்பிடி, நம்பக்கூடிய பிரேக். வாங்கும்போது இந்த மூன்று. வாங்கியபின் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கிக் காற்று, அச்சு, பட்டை, மடிப்புப் பூட்டு, பிரேக் என்று வரிசையாகப் பாருங்கள். விலை உயர்ந்த வண்டியைவிட, பார்த்துப் பராமரித்த வண்டியே குழந்தைக்குப் பாதுகாப்பு.

படித்து முடித்ததும் எழுந்து போய், காலி வண்டியில் பிரேக்கைப் போட்டு ஒருமுறை தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால், சரிசெய்யும்வரை குழந்தையை அதில் ஏற்றாதீர்கள்.