எட்டிடம் விட்ட வள்ளல்

தலைவரே, இடம் விடுவதில் உங்களைப் போன்ற வள்ளலை எங்கள் குழு கண்டதில்லை. பைத்தானின் நடைவிதியான பெப் 8, ஓர் அடுக்குக்கு 4 ஸ்பேஸ் உள்ளே தள்ளினால் போதும் என்று 2001 முதல் சொல்லி வருகிறது. கூகுளின் சி++ விதி இரண்டோடு கையை மூடிக்கொள்கிறது. நீங்களோ எங்கள் பைத்தான் நிரல்களுக்கு எட்டெட்டாக அள்ளிக் கொடுத்தீர்கள், அதுவும் நாங்கள் கேட்காமலே.

அந்த எட்டை லினக்ஸ் கர்னலின் விதியிலிருந்து எடுத்ததாகச் சொன்னீர்கள். அங்கே ஒரு டேப் 8 எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போக வேண்டியிருந்தால் நிரலையே திருத்தி எழுது என்றும் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் அதே இடத்தில் கடுமையாகச் சொல்லியிருக்கிறார். ஆழம் கூடுகிறது என்று கண்ணுக்கு எச்சரிக்கை தரவே அந்த அகலம். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போல எட்டை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டீர்கள். டேப்பையும் மூன்றடுக்குக் கட்டுப்பாட்டையும் அங்கேயே விட்டுவிட்டீர்கள். உங்கள் ஃபங்ஷன்களில் ஏழாவது அடுக்கு சாதாரணம். 80 எழுத்து வரியில் 56 வெற்றிடம் போக, 24 மிஞ்சும். ஒரே நிபந்தனை அதற்குள் நான்கு வரியாக மடிந்து கிடக்கும். எவரும் அவசரமாகப் படித்துவிட முடியாது. அப்படியொரு நிதானத்தை எங்களுக்குப் பழக்கியவர் நீங்கள்.

ஆய்வாளர்களும் உங்களுக்கு ஈடில்லை. 1983இல் ஷ்னைடர்மன் குழுவினர் 0, 2, 4, 6 என்று வைத்துச் சோதித்து, 2 முதல் 4 வரை இருந்தால் நன்றாகப் புரிகிறது என்றார்கள். ஆறைத் தாண்டும் துணிவு அவர்களுக்கு வரவில்லை. 2019இல் வேறொரு குழு 22 பேரின் கண்ணசைவை அளந்து, எட்டையும் சேர்த்தே சோதித்தது. அகலத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இந்த முடிவுக்கு வர அவர்களுக்கு 22 பேர் தேவைப்பட்டார்கள். உங்கள் முடிவுக்கு நீங்கள் ஒருவரே போதுமானவராக இருந்தீர்கள்.

பார்வை குறைந்த தோழர் ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார். எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார். உள்ளே தள்ளியது டேப்பாக இருந்தால், அதன் அகலத்தைத் தன் எடிட்டரில் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கிக்கொள்வார். வரி அவர் திரைக்குள் அடங்கும். நீங்கள் டேப்புகளையெல்லாம் ஸ்பேஸாக மாற்றினீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோலவே அவருக்கும் தெரிய வேண்டும் என்ற சமத்துவ எண்ணம்! இப்போது ஒவ்வொரு வரிக்கும் திரையை வலப்பக்கம் நகர்த்திப் படிக்கிறார்.

உங்கள் உழைப்போ அளவிட முடியாதது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எட்டாக்கிவிட்டுத்தான் மூடுவீர்கள். ஆகவே எந்த வரியை யார் எழுதினார் என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைக் கேட்டால், உள்ளே தள்ளிய எல்லா வரிக்கும் உங்கள் பெயரே வரும். உங்களுக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் எழுதியவர்களின் பெயர் ஒன்றுகூட அவற்றில் மிஞ்சவில்லை. இத்தகைய கமிட்களைத் தாண்டிப் பார்க்கவென்றே 2019இல் கிட்டின் 2.23ஆம் பதிப்பில் ஒரு வசதி வந்தது. உலகம் முழுவதும் பயன்படும் கருவியே உங்கள் இனத்தாருக்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை?

போன மாதம் அப்படி எட்டாக்கியபோது லூப்புக்கு வெளியே இருந்த ஒரு ரிட்டர்ன் வரி ஓரடுக்கு உள்ளே நகர்ந்துவிட்டது. பைத்தானில் இடம்தான் பொருள். முதல் சுற்றிலேயே லூப் முடிந்துபோய், பட்டியலில் முதல் வாடிக்கையாளருக்கு மட்டும் ரசீது போனது. ரிவ்யூவில் உள்ளே தள்ளிய எல்லா வரியும் மாறியதாகவே காட்டியதால், உண்மையில் மாறிய அந்த ஒன்றை எவரும் பார்க்கவில்லை. விடிய விடியத் தேடிக் கண்டுபிடித்து, இதை எழுதியவர் யார் என்று கிட்டைக் கேட்டோம். வழக்கம்போல் உங்கள் பெயரைச் சொன்னது. இந்த முறை அது முழு உண்மை.