அசையாச் சொத்து

விருத்தாசலம் என்னும் பெயரைப் பிரித்தால் முன்பாதிக்கு முதியது என்றும், பின்பாதியாகிய அசலத்துக்கு அசையாதது என்றும் பொருள் வரும். அசையாதது மலையாதலால் பழமலை என்றும் முதுகுன்றம் என்றும் தமிழிலே வழங்கினார்கள். பெயரை நம்பி வந்து மலையைத் தேடுகிறவர்கள், பழமலைநாதர் கோயில் கோபுரங்களையும் மணிமுத்தாற்று மணலையும் கண்டு, மலை மட்டும் அகப்படாமல் திரும்புவதே வழக்கம். பெயர்ப் பொருத்தம் என்பது இப்படித்தான் இருக்கும், சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரை வைத்துக்கொண்டிருந்த புதுமைப்பித்தன், பத்திரிகைக்குப் பத்திரிகை மாறிக் கடைசியில் சினிமாவுக்கும் போனவர். ஆகையால் அசலத்தைக் காணும் ஆசையை நான் என்றோ விட்டிருந்தேன். சென்ற ஆடி மாதத்தில், திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரிக்கரையின்மேல் நடந்த ஒரு கல்யாணப் படப்பிடிப்பில், தலையில் துண்டும் காலில் ரப்பர்ச் செருப்புமாக, இடது கையால் ஓர் அலுமினியத் தண்டைப் பற்றிக்கொண்டு அது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

அவரை ஸ்டூடியோக்காரர் 'லைட்டண்ணே' என்பார். மாப்பிள்ளை 'ப்ரோ' என்பார். பெண்ணின் அத்தை, தம்மைவிடப் பத்து வயது மூத்தவரை, 'தம்பி' என்பார். எல்லாவற்றுக்கும் ஒரே தலையசைப்பு. அதுவும் தண்டு அசையாத அளவுக்குத்தான். கல்யாணப் படம் எடுக்கும் ஊர்தோறும் இப்படி ஒருவர் உண்டு. மூன்று கால் தாங்கியின் உச்சியில் விளக்கையும், அதன் ஒளியை மென்மையாக்கும் 'அம்பர்லா' என்கிற குடையையும் மாட்டி, அது விழாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய உத்தியோகம். கோஷ்டியில் மற்றவர்கள் எல்லாரும் ஓடுவதற்கும் குனிவதற்கும் படுப்பதற்கும் சம்பளம் வாங்க, இவர் ஒருவர் மட்டும் நிற்பதற்கு வாங்குகிறார். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்டுவார். பிரியாணிப் பொட்டலத்தைத் தரையில் வைத்து, ஒரு கையால் தண்டையும் மறு கையால் கவளத்தையும் பிடித்தபடி உண்டு முடிப்பார். மணமக்களை அவர் பார்ப்பதே இல்லை. பார்வை முழுவதும் தூரத்து மரங்களின் நுனியில் இருக்கும்.

மரநுனியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நமது பஞ்சாங்கத்தின் சூழ்ச்சியை அறியாதவர்கள். ஆடியில் நாம் கல்யாணம் செய்வதில்லை, ஆவணியில் செய்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளும் புதிய சடங்கோ ஒரு மாதம் முன்னதாக நடந்தாக வேண்டும். ஆகவே, அம்மியும் பறக்கும் என்று முன்னோர்கள் எச்சரித்துவிட்டுப் போன அதே மாதத்தில், அம்மியில் பத்தில் ஒரு பங்கு எடைகூட இல்லாத தாங்கிமேல், பாய்மரத்துக்குத் தம்பியாகிய ஒரு குடையை விரித்து, ஆள் உயரத்துக்குமேல் தூக்கி நிறுத்துகிறோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 6 கிலோ எடையளவு அழுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை லைட்டண்ணர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, தோள்பட்டையில் படித்திருக்கிறார்.

கால்களைப் பற்றி அவர் எனக்கு உபதேசித்ததை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. "சார், மூணு காலும் ஒண்ணுதானேன்னு நெனைக்காதீங்க. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் ஒரு காலு நீட்டிக்கிட்டு இருக்கணும், விழப்போறவன் கைய ஊனிக்கிறாப்பல" என்றார். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். காலை நோக்கித் தாங்கியைச் சாய்ப்பதற்கு, இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நோக்கிச் சாய்ப்பதைப் போல இரு மடங்கு பலம் வேண்டும் என்பது க்ஷேத்திரகணிதப்படியே சரியாக வந்தது. கால்களை அகட்டி வை, உயரத்தைக் குறை, பாரமாகக் கட்டித் தொங்கவிடும் எடை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அந்தரத்தில் ஆடினால் அதுவே தாங்கியை இழுத்துத் தள்ளிவிடும் என்பவை மற்ற சூத்திரங்கள். உயரத்தைக் குறைக்கும் சூத்திரத்தை மட்டும் ஸ்டூடியோக்காரர் அங்கீகரிப்பதில்லை. தாழ்ந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளை நாடகத்து ராக்ஷசனைப்போல் தெரிகிறாராம்.

இந்த நிதானம் அவருக்கு வந்தது இவ்வூர்ப் பீங்கானிலிருந்து. செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரியும் உள்ள விருத்தாசலத்தில் அவர் இளமையில் சூளை அடுக்கியவர். வேகாத பச்சைப் பீங்கான் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது முழங்கை ஒருமுறை இடறினால் ஒரு நாள் கூலி நொறுங்கும் என்ற பயத்தில் பல வருஷம் பழகிய உடம்பு, சூளையை விட்டு வந்த பிறகும் இடறுவதற்கு மறந்துவிட்டது. தாங்கிக்குப் பாரமாகவும் அவர் முதலில் பீங்கானைத்தான் நாடினார். விலைபோகாமல் ஒதுக்கிய பியூஸ் கட்டைகளைச் சாக்கில் கட்டித் தாங்கியின் காலில் வைத்தார். வெந்த பீங்கான் மணலைவிடத் திண்ணியது என்பது மெய்தான். ஆனால் துளையும் பள்ளமுமான கட்டைகளைச் சாக்கில் கொட்டினால் பாதி இடத்தைக் காற்று அடைத்துக்கொள்கிறது. காற்றை எதிர்ப்பதற்குக் காற்றையே மூட்டை கட்டிச் சுமந்த அந்த உபாயம், யாரோ ஒரு கல்யாணப் பெண் வெட்கத்தோடு பேசிய வீடியோவில் பாத்திரக்கடைச் சத்தம் கேட்டதோடு முடிந்தது.

அடுத்தது மணல். வெறும் பையைக் கொண்டுபோய், மணிமுத்தாற்றிலேயே படப்பிடிப்பானால் அங்கேயே நிரப்பி, மாலையில் அங்கேயே கொட்டிவிட்டு வரலாம். உலகமெங்கும் தொழில் தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் வழி. "இந்த ஆத்துலதான் சார் சுந்தரரு பன்னெண்டாயிரம் பொன்னப் போட்டுட்டு, திருவாரூர்க் கொளத்துல எடுத்துக்கிட்டாரு. நாம போட்ட எடத்துலயே எடுக்கணும்" என்பார். ஆனால் ஆற்று மணலை எவன் பையில் அள்ளினாலும் லாரியில் அள்ளினவனைப் பார்ப்பதுபோல் பார்க்கும் காலம் இது. ஆகவே வெலிங்டன் ஏரிக்கு அவர் கொண்டுவந்தது 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன். இருபது கிலோ, கடையில் கிடைப்பது, யாரும் சந்தேகப்படாதது. இதைவிட உத்தமமான பாரம் இல்லை என்றே நானும் நினைத்தேன்.

பெண் வீட்டார் பதினான்கு பேர் வந்திருந்தோம் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். பத்து மணிக்கு அத்தைக்குத் தாகம் எடுத்தது. பதினொரு மணிக்கு மாமாவுக்கு. லைட்டண்ணர் ஒவ்வொரு டம்ளருக்கும் மரநுனியை ஒருமுறையும் கேனை ஒருமுறையும் பார்த்தார். கேட்டவர்க்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும் வழக்கம் அவர் குலத்தில் இல்லை போலும். பகலுணவு முடிந்து எல்லாரும் அதே தண்ணீரில் கை கழுவினோம். நானும் கழுவினேன், கொஞ்சம் தாராளமாகவே. ஸ்திரத்தன்மை என்னும் பெரிய தத்துவம் எங்கள் தொண்டை வழியாகவும் விரலிடுக்கு வழியாகவும் டம்ளர் டம்ளராக ஒழுகிப் போய்க்கொண்டிருந்ததை அவர் ஒருவர்தாம் அறிவார்.

மூன்று மணிக்குமேல் மேல்காற்று எழுந்தது. தாங்கி ஒருமுறை தலைவணங்கியது. மறுமுறை வணங்குவதற்குள் லைட்டண்ணர் கேனை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, அடித்தண்டின்மேல் ஒரு காலையும், காற்றடிக்கும் திசையில் மறு காலையும் ஊன்றி, இரண்டு கைகளாலும் தண்டைத் தழுவிக்கொண்டார். அதற்குப் பின் அங்கே நின்றது மனிதரா தாங்கியா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகவில்லை. ஸ்தாவரம் என்றும் ஜங்கமம் என்றும் சொத்தை இரண்டாகப் பிரிக்கும் வக்கீல்கள் ஸ்டூடியோவின் ஜாபிதாவில் அவரை எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "காத்து பேர்ல கொளஞ்சியப்பர்கிட்ட ஒரு பிராது கட்டிப்புட்டா என்னண்ணே?" என்று டிரோன் விடும் பையன் கேலி செய்தான். மணவாளநல்லூர் முருகனிடம் எழுத்து மூலமாகவே வழக்குக் கொடுப்பது இப்பக்கத்து மரபு. "எதிராளியோட விலாசம் எழுதணும்டா, இவனுக்கு ஏது விலாசம்?" என்றார் அவர், தலையைத் திருப்பாமல். சூரியன் இறங்கும்வரை குடை ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

"முடிஞ்சுதுண்ணே" என்று ஸ்டூடியோக்காரர் சொன்ன அதே க்ஷணத்தில், ஓரத்தில் கிடந்த வெறுங்கேனைக் காற்று புரட்டியது. கேன் கரையின் உட்சரிவில் உருண்டு தண்ணீரை நோக்கிப் போயிற்று. காலை முதல் ஈக்கும் பசிக்கும் ஆடிக்காற்றுக்கும் அசையாத மனிதர், "ஐயையோ, அட்வான்ஸ் கட்டின கேனு!" என்று கூவிக்கொண்டு, வேட்டை நாயின் வேகத்தில் சரிவிலே பாய்ந்தார். "மெதுவா போங்கண்ணே, தண்ணியில விழுந்தா எடுத்துக்கலாம்" என்று மாப்பிள்ளை கத்தினார். "இங்க போட்டுட்டுத் திருவாரூர்ல எடுக்க நான் என்ன சுந்தரரா?" என்ற பதில் காற்றோடு மேலே வந்தது.

ஆல்பத்தில் நூற்றுக்குமேற்பட்ட படங்கள் இருக்கின்றன. லைட்டண்ணர் இருப்பது கடைசிப் பக்கத்து மூலையில் ஒரே படத்தில். ஸ்டூடியோக்காரர் கேமராவை மூடுவதற்குமுன் விளையாட்டாக எடுத்தது. கரையும் ஏரியும் கேனும் அதில் தெளிவாக விழுந்திருக்கின்றன. அவர் மட்டும் அசைந்துவிட்டார்.