மாமாவின் கவுன்சலிங்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஏற்காட்டு மாமாக்கள் இலவசக் கவுன்சலிங்கைத் தொடங்கிவிடுவார்கள். "சிவில் வேண்டாம் கண்ணு, சைட்ல வெயில்ல நிக்கணும். அக்ரியா? சேத்துல எறங்கணும். பேசாம பாட்டனி எடு, பூவும் செடியுமா பொம்பளப் புள்ளைக்கு அடக்கமா இருக்கும்."

மார்கழிக் குளிரில், கால் வழுக்கும் சரிவில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறிப்பதும் பொம்பளைதான். கூலி என்றால் எதையும் தாங்கும் அந்த உடம்பு, பட்டம் என்றதும் நோஞ்சானாகிவிடுகிறது. அது என்ன நோயோ!

சரி, அந்த 'அடக்கமான' பாட்டனிக்கே வருவோம். ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தை, 1950-களில் சீரமைக்க நேரு அழைத்தது ஜானகி அம்மாளை. சென்னை ராணி மேரியில் படித்தவர்; 1931-இல் மிச்சிகனில் டாக்டர் பட்டம்; கோவையில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஆராய்ந்தவர்; 1977-இல் பத்மஸ்ரீ.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும், அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆச்சா?"

ஆகவில்லை என்றேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.